ஏனாம் வரைக்கும் போகுமா?

(புதுச்சேரியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொகுசுக் காரைப் பற்றிப் பேசுவதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இருக்குமா என்பது சந்தேகம். கொச்சியிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய கார் உங்களைக் கடந்து போகும்போது எண்பலகையைப் பாருங்கள், பி.ஒய். என்று தொடங்கினாலும் தொடங்கும். அந்தக் கார் நம் கடற்கரைச் சாலையை ஒரு தடவைகூடப் பார்த்திருக்காது. இங்கே சாலை வரி குறைவு என்பதால் வண்டி அங்கே இருக்க, முகவரி மட்டும் இங்கே குடிவந்தது. 2017இல் மலையாளத் திரையுலகினர் சிலரின் கார்களைப் பற்றிக் கேரளத்தில் விசாரணையும் வழக்கும் எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். போதாக்குறைக்கு, பெட்ரோலும் இங்கே தமிழ்நாட்டைவிட மலிவு. கோரிமேட்டிலும் கன்னியக்கோயிலிலும் எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு திரும்பும் வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம்.

ஆக, காருக்கு வேண்டிய இரண்டு சலுகை இந்த ஊரில் எப்போதும் இருந்தது. மின்சாரக் கார் வந்ததும் இரண்டுமே பொருளற்றுப் போயின. தமிழ்நாடு 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையில் சாலை வரியையே முழுதாக விலக்கியது. பெட்ரோல் பங்குக்கும் வேலை இல்லை. இனி இந்த ஊருக்கு என்ன மிச்சம் என்று யோசித்தபோதுதான், மின்சாரக் காரைப் பற்றி ஒரு மாலை பேசினால் என்ன என்று தோன்றியது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். மெர்சிடிஸ் பென்ஸ் ஈக்யூஎஸ் 580. புனே அருகே சாக்கனில் பொருத்தி, 2022 செப்டம்பர் 30 அன்று 1.55 கோடி ரூபாய் விலையில் அறிமுகம் செய்தார்கள். விழாவுக்கு வந்த மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, உற்பத்தியைக் கூட்டி விலையைக் குறையுங்கள், நாங்களெல்லாம் நடுத்தர வர்க்கம், என்னாலேயே இதை வாங்க முடியாது என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அமைச்சராலேயே முடியாதென்றால் பேசுகிற நானும் கேட்கிற நீங்களும் எந்த மூலைக்கு? ஆனாலும் இந்த வண்டியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மின்சாரக் காரின் பலம், பலவீனம் இரண்டும் இதில் பெரிய அளவில் தெரிகின்றன. அதன் பேட்டரியில் 107.8 யூனிட் மின்சாரம் பிடிக்கும். யூனிட் என்றால் நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். பி.எம்.டபிள்யூ.வின் ஐ7, 2023 தொடக்கத்தில் 1.95 கோடிக்கு வந்தது, அதில் 101.7 யூனிட். சென்னைக்குத் தெற்கே மஹிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ.வுக்கு 2007 முதல் ஆலை இருந்தும், பெட்ரோலில் ஓடும் 7 வரிசைக் கார் அங்கே பொருத்தப்பட, இந்த மின்சார 7 மட்டும் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தது. அந்த விலையில் கொஞ்சம் அதனால்தான்.

முதலில் எல்லோரும் கேட்பது தூரம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு போகும்? ஈக்யூஎஸ் வண்டிக்கு இந்திய ஆய்வு நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. தந்த சான்று 857 கிலோமீட்டர். ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள டபிள்யூ.எல்.டி.பி. முறையில் ஏறத்தாழ 670. ஒரே வண்டி, ஒரே பேட்டரி. நடுவே கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் காணாமல் போகிறது.

இந்த எண்களை நினைவில் வைக்க நமக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நான்கு துண்டுகள். பி.ஒய். 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியே காரைக்கால் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். மேற்குக் கரையில் மாஹே அறுநூற்று முப்பதுக்கு மேல். கோதாவரிக் கரையில் ஏனாம் சுமார் 840. ஒரே ஆட்சிப் பகுதிக்குள் இப்படி ஓர் அளவுகோல் வேறு எந்த ஊர்க்காரருக்கும் வாய்க்காது! ஏ.ஆர்.ஏ.ஐ. கணக்கை நம்பினால் நீங்கள் இங்கே புறப்பட்டு எங்கும் நிற்காமல் ஏனாம் போய் இறங்கலாம். ஐரோப்பியக் கணக்கை நம்பினால் மாஹே வரைக்கும் போகலாம். உண்மையில்?

857 என்பது பொய் இல்லை. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எண்ணின் பொருள் விளங்கும். ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். இந்திய அட்டவணையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்; சராசரி முப்பதுக்குச் சற்று மேல். ஐரோப்பிய அட்டவணையில் உச்சம் 131, சராசரி 46. இரண்டிலும் ஏ.சி. போடுவதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாமல் காரை ஓட்டுகிற மனிதரை எனக்குக் காட்டுங்கள், 857ஐ அவருக்கே கொடுத்துவிடலாம்.

107.8 யூனிட்டை 857ஆல் வகுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 12.6 யூனிட் வருகிறது. இரண்டரை டன் எடையுள்ள வண்டிக்கு அது மிகக் குறைந்த செலவு. இந்த வண்டியின் உடல் அமைப்பு அதற்கு உதவுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் திறனை அளக்க ஓர் எண் உண்டு. எண் சிறுத்தால் நல்லது. விற்பனைக்கு வந்த கார்களில் மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று இதனுடைய 0.20. அப்படி இருந்தும் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 80இல் போகிறவர் 120க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் தடை இரண்டே கால் மடங்கு. நான் தாளில் போட்டுப் பார்த்த கணக்குப்படி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80இல் நிதானமாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட். திண்டிவனம் தாண்டி நான்கு வழிச் சாலையில் 120ஐ ஒட்டி ஏ.சி.யோடு பறந்தால் சுமார் 19. முதல் ஆளுக்கு எழுநூறு கிலோமீட்டர் வரும். ஐரோப்பியச் சான்றையே தாண்டிவிடுவார். இரண்டாம் ஆளுக்கு 560 சொச்சம். பேட்டரியை வற்ற வற்ற ஓட்டும் துணிச்சல் யாருக்கும் இராது. பத்து சதவீதம் கையிருப்பு வைத்தால் ஐந்நூறு.

ஐந்நூறு குறைவா? இங்கிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். போய்வர முந்நூறு. வேகமாக ஓட்டினாலும் அறுபது யூனிட்டுக்குள் அடங்கும். அதாவது காலையில் புறப்பட்டு, சென்னையில் வேலை முடித்து, இரவு வீடு திரும்பும்போதும் பேட்டரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருக்கும். வழியில் எந்த சார்ஜரையும் தேட வேண்டாம். இந்த வண்டிகள் உண்மையில் ஜொலிப்பது இங்கேதான். காரைக்கால் போய்வருவதும் அப்படியே. மாஹேதான் சிக்கல், அதற்கு வருகிறேன்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே பேசப் போகிறேன். அது எளிய விஷயம். ஈக்யூஎஸ் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.3 விநாடி. ஐ7க்கு 4.7. நாற்பது லட்சத்துக்குச் சற்று மேல் தொடங்கிய பி.ஒய்.டி. சீல் வண்டியில் உச்ச வகைக்கு 3.8. பார்த்தீர்களா, விலை குறைந்தது முந்திக்கொண்டது. மின் மோட்டாருக்கு முழு முறுக்குவிசையும் முதல் சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. கியர் மாற்றும் இடைவெளி இல்லை. ஆகவே வேகம் இனி சொகுசுக்கு அடையாளம் ஆகாது. பெரிய கார் வாங்குவோர் இனி காட்டிக்கொள்ள வேறு எதையாவது தேட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடையைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குக் கொண்டுபோக எவ்வளவு மின்சாரம் ஆகும்? ஏறத்தாழ 0.3 யூனிட். அவ்வளவுதான். பிரேக் போடும்போது அதிலும் பெரும்பகுதி பேட்டரிக்கே திரும்புகிறது. ஆக, சிக்னலில் சீறிப் பாய்கிறவரால் வண்டியின் தூரம் பெரிதாகக் குறைவதில்லை. மணிக்கணக்கில் 130இல் அமைதியாகப் போகிறாரே, அவர்தான் பேட்டரியைக் காலி செய்கிறார்.

இதில் பிரெஞ்சுத் தொடர்பு ஒன்று உண்டு, இந்த ஊரில் சொல்லாமல் விடக்கூடாது. உலகில் தரையில் முதன்முதலாக மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய கார் மின்சாரக் கார். 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிஸ் அருகே அஷேர் என்ற இடத்தில், கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அந்நாளில் வேகச் சாதனையில் அவருக்குப் போட்டியாக இருந்த பிரெஞ்சுப் பிரபு ஷாஸ்லூ-லோபாவின் வண்டியும் மின்சாரம்தான். பேட்டரியில் மின்சாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் வித்தையை 1859இல் கண்டுபிடித்த கஸ்தோன் பிளாந்தேயும் பிரெஞ்சுக்காரர். ஜெனாட்ஸியின் வண்டியைப் படத்தில் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். காற்றைக் கிழிப்பதற்காக வெடிகுண்டு வடிவில் உடலைச் செய்துவிட்டு, மனிதர் இடுப்புக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சக்கரங்களும் வெளியே. அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இங்கே நம் முன்னோர் துரைமார்களைப் பின்னாலிருந்து தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னர் பெட்ரோல் மலிந்தது, பேட்டரி கனத்தது, மின்சாரக் கார் நூறாண்டு உறங்கியது. அன்றைக்கு அதைத் தோற்கடித்தது வேகம் இல்லை. வழியில் மின்சாரம் ஏற்ற இடமில்லாததும் ஒரு காரணம். இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சார்ஜுக்கு வருவோம். வீட்டில் போடுவது வேறு, வழியில் போடுவது வேறு. வீட்டில் ஏ.சி.க்கு இருக்கிற 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் ஏறத்தாழ மூன்று கிலோவாட், அதாவது மணிக்கு மூன்று யூனிட் கிடைக்கும். காலி பேட்டரி நிறைய ஒன்றரை நாள். கேட்டதும் சிரிப்பு வருகிறது. ஆனால் யோசியுங்கள், இந்த ஊருக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள்? முத்தியால்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் போய் வந்தாலும் நாற்பது கிலோமீட்டர் ஆகாது. எட்டு யூனிட். அந்தப் பழைய பிளக்கிலேயே மூன்று மணி நேரத்தில் ஈடாகிவிடும். வெளியூர் போகிறவருக்குத்தான் சுவரில் பொருத்தும் சார்ஜர் பெட்டி வேண்டும். ஒற்றை ஃபேஸில் 7.4 கிலோவாட், மூன்று ஃபேஸில் 11 கிலோவாட். பதினொன்று இருந்தால் இரவு பத்து மணிக்கு மாட்டிக் காலையில் நிறைந்த வண்டியை எடுக்கலாம்.

அதற்கு வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும், அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த வேண்டும், முக்கியமாக வண்டி நிறுத்த ஓர் இடம் வேண்டும். வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளில் முற்றம் இருக்கும், தூண் இருக்கும், கார் நுழைய வாசல் இருக்காது. பல வீட்டார் தெருவில் நிறுத்துகிறார்கள். நடைபாதையின் குறுக்கே வயரை இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. ஐந்தே கால் மீட்டர் நீளமுள்ள இந்த வண்டியை ரொமேன் ரோலன் வீதியில் நிறுத்துவதே பெரும்பாடு. ஒன்றரைக் கோடிக்குக் காரும் சில கோடிக்குப் பாரம்பரிய வீடும் வைத்திருக்கிறவர், லாஸ்பேட்டையில் சொந்தமாகக் கார் ஷெட் உள்ள பள்ளி ஆசிரியரைவிட சார்ஜ் விஷயத்தில் ஏழை.

இனி வழிச் சாலை. ஈக்யூஎஸ் 200 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும்; பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற 31 நிமிடம். ஐ7 195 கிலோவாட், 34 நிமிடம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இந்த நிமிடங்கள்தான். ஆனால் வண்டி வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் போதுமா? கொடுக்க ஆள் வேண்டாமா? 200 கிலோவாட் என்றால் ஐந்து கிலோவாட் இணைப்புள்ள நாற்பது வீட்டுக்கு ஒரே நேரத்தில் போகும் மின்சாரம். நம் நெடுஞ்சாலை ஓட்டல்களின் வாசலில் இருக்கிற சார்ஜர்களில் பல 30 கிலோவாட், 60 கிலோவாட். 120ஐத் தாண்டுபவை குறைவு. இரண்டு கன், அதாவது வண்டியில் மாட்டும் இரண்டு முனை, இருக்கிற 60 கிலோவாட் பெட்டியில் பக்கத்தில் இன்னொருவர் வந்து மாட்டினால் உங்களுக்கு 30தான். பத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு 75 யூனிட் வேண்டும். 60 கிலோவாட்டில் ஒன்றே கால் மணி, 30 கிலோவாட்டில் இரண்டரை மணி.

எண்பதோடு ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். காலியான பேருந்து ஒன்று நிலையத்துக்குள் வந்தால் முதல் முப்பது பேர் ஒரு நொடியில் ஏறிவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேரை உள்ளே தள்ளத்தான் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். லித்தியம் பேட்டரியும் நிறைய நிறைய மெதுவாகத்தான் ஏற்கும். வற்புறுத்தினால் சூடாகும், கெடும். எண்பதுக்கு மேல் நூறு வரை காத்திருக்கும் நேரத்தில் அடுத்த சார்ஜருக்கே போய்விடலாம்.

இப்போது நான் இந்த மாலையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த 30 கிலோவாட் கன்னில் இன்று ஒரு டாட்டா நெக்ஸான் மின்கார் நிற்கிறது என்று வையுங்கள். அதற்கு நூறு கிலோமீட்டருக்கு 14 யூனிட் போதும். ஒரு மணி நேரம் மாட்டினால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் மின்சாரம் ஏறிவிடும். அதே கன்னில் ஈக்யூஎஸ் நின்றால், முன்னே சொன்ன 19 யூனிட் கணக்கில், ஒரு மணி நேரத்தில் நூற்றைம்பது சொச்சம்தான். விலையில் பத்தில் ஒரு பங்கு உள்ள வண்டி, அதே கன்னில், வேகமாகப் புறப்பட்டுப் போகிறது. பெட்ரோல் காலத்தில் இப்படி நடந்ததில்லை. பங்கில் பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஐந்து நிமிடத்தில் புறப்பட்டுவிடுவார்கள். இங்கே பணத்தைக் கொடுத்து 200 கிலோவாட் வாங்கும் திறனைக் காருக்குள் வாங்கிவிடலாம். காருக்கு வெளியே வாங்க முடியாது. அது ஊருக்குப் பொதுவானது. குடிதண்ணீர்க் குழாய், பேருந்து நிலையம் போல ஊரே சேர்ந்து வைத்தால்தான் உண்டு.

இந்த இடத்தில் எனக்கு அரசின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. பெட்ரோல் சொகுசுக் காருக்கு ஜி.எஸ்.டி.யும் மேல்வரியுமாக 48 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. மின்சாரக் காருக்கு 5. மின்சார ஆட்டோவுக்கும் 5, ஒன்றரைக் கோடி ரூபாய் சொகுசுக் காருக்கும் 5. ஆட்டோக்காரருக்குக் கொடுத்தது சரி. ஒன்றரைக் கோடி வண்டிக்குக் கொடுத்த சலுகையில் ஒரு பங்கைப் பிடித்துச் சாலையோரத்தில் 120 கிலோவாட் பெட்டிகளாக நட்டிருந்தால், அந்த வண்டியின் சொந்தக்காரரே அதிகம் மகிழ்ந்திருப்பார். வரி விலக்கு அவருக்குப் பெரிதில்லை. இரண்டரை மணி நேரக் காத்திருப்புதான் அவருக்கு வலிக்கிறது.

மாஹேக்கு வருகிறேன் என்றேன். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு, கோழிக்கோடு, அப்புறம் மாஹே. நிறைந்த பேட்டரியோடு விடியலில் புறப்பட்டால் கோயம்புத்தூர் வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டர். எழுபது யூனிட் கரைந்து, முப்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். அங்கே மதியச் சாப்பாடு. ஸீயான் போன்ற சார்ஜிங் நிறுவனங்கள் கிளம்பிய ஊர் அது, வேகமான கன் கிடைக்க வாய்ப்பு அதிகம். 60 கிலோவாட்டில் முக்கால் மணி நேரம் போட்டாலே மிச்சமுள்ள 245 கிலோமீட்டருக்குத் தாராளம். யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு முன்பின் கேட்பார்கள்; வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டால் கொள்ளை, பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம். ஒரே ஒரு நிறுத்தம். ஆனால் மாஹேயில் போய் இறங்கிய பிறகு தங்கும் விடுதியில் சார்ஜர் இருக்கிறதா என்பதை இங்கேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை வெளியே சார்ஜர் தேடிப் போய்த்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி நேரத்தில் எப்படியும் யாராவது, இந்த வண்டியை வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்க முடிந்தவர் ஒருவர் இந்த அவையில் இருக்கக்கூடும். ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து, அனுமதிக்கப்பட்ட மின்பளு என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டோ மூன்றோ என்றிருந்தால், முதலில் மின்துறை அலுவலகத்தில் மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பம் கொடுங்கள். அந்த இணைப்பு கைக்கு வந்த பிறகு காருக்கு முன்பணம் கட்டலாம்.